இடப்பக்கப் பின்சக்கரம்

ஆய்வுச்சீட்டில் ஒரே வரி:
பின்பக்கம், இடது, பிரேக் விடுவதில்லை.
ஒரு மாதத்துக்குள் சரிசெய்து கொண்டுவரவும்.
ராவுமாவில் மார்ச் என்றால் பாதி பனி, பாதி சேறு;
சாலையில் தூவிய உப்பு
குளிர்காலம் முழுக்க அடியிலிருந்து தின்றிருந்தது.

ஒர்க் ஷாப்பில் முந்நூற்று நாற்பது யூரோ.
நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவள்,
அந்தப் பணம் எத்தனை காலை என்று
கணக்குப் போடாமலே தெரியும்.
வண்டியில் பாதி தங்கை ஹில்க்காவுடையது.
"பழுதான பாதி உன்னுடையது" என்றாள்.

கடைச் சுவரில் மூன்று தொங்கின.
பன்னிரண்டு யூரோவுக்கு ஒரு சி-கிளாம்ப்,
கனத்தது, பேச்சில்லாதது.
நாற்பதுக்கு, இரட்டைத் தட்டும் ராட்செட் கைப்பிடியும்:
இடுக்கில் நுழைந்து முதலைபோல் வாய் திறக்குமாம்.
ஏழுக்கு ஒரு பகடை,
ஆறு முகத்திலும் வேறு வேறு முண்டு,
பிஸ்டனின் பள்ளத்தில் பொருந்துவது
ஏதாவது ஒரு முகம்.
கனத்ததையும் மலிந்ததையும் எடுத்தேன்.

முன்சக்கரம் பிள்ளைபோல் கேட்டது.
தேய்ந்த பழைய பேடைக் குறுக்கே வைத்து
கிளாம்பை மெல்லத் திருக,
பிஸ்டன் பெருமூச்சே இல்லாமல் உள்ளே போனது.
மேலே டப்பாவில் எண்ணெய் ஏறி விளிம்பைத் தொட,
பூனைக்கு மருந்து ஊட்டும் சிரிஞ்சால்
ஹில்க்கா உறிஞ்சினாள்.
ஒரு துளி பெயின்டில் விழுந்தது.
விழுந்த இடம் இன்னும் தெரிகிறது.

பின்சக்கரத்தில் அதே கிளாம்ப்.
காலிப்பரை ஸ்கேட்டிங் காலணியின் கயிற்றால்
ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டு,
திருகினேன். இன்னும் திருகினேன்.
வளைந்தது கிளாம்ப்.
அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரலாம்;
இதற்குள்ளே ஒரு திருகு இருக்கிறது, அம்மிக்கு இல்லை.
கைப்பிரேக்குக்காக வைத்த திருகு.
அழுத்திக்கொண்டே சுழற்ற வேண்டும்,
சுழற்றிக்கொண்டே அழுத்த வேண்டும்,
இரண்டில் ஒன்று குறைந்தாலும் அசையாது.

பகடையை எடுத்தேன்.
ஒவ்வொரு முகமாக வைத்துப் பார்த்தேன்.
வழுக்கியது, வழுக்கியது, விரல் கிழிந்தது.
தாயம் விழவேயில்லை.

நகர நூலகத்தில் கருவியும் இரவல் தருவார்கள்.
சமையல் புத்தகங்களுக்கு அடுத்த அலமாரி,
துளைபோடும் மெஷின், கூடாரம்,
ஒரு சிவப்புப் பெட்டி.
மூடியில் எழுதியிருந்தது: பதினெட்டு உருப்படிகள்.
ஒஸ்மோ அட்டையைத் தேய்த்தார்,
"பதினான்கு நாள். தாமதமானால் அபராதம்,
நாவலுக்குப் போலவே."

வலம் சுற்றும் திருகு ஒன்று, இடம் சுற்றும் திருகு ஒன்று,
மீதி எல்லாம் தட்டுகள்.
ஒன்றும் பொருந்தவில்லை.
முளைகள் அகலமாக, அல்லது நெருக்கமாக,
எங்கள் வண்டியை யாரும் நினைத்துப் பார்க்காததுபோல.
பெட்டியின் நுரைக்கு அடியில் ஏதோ கிலுகிலுத்தது.
ஒரு வாஷர். கனமான, பழைய வாஷர்.
அதில் இரண்டு முளைகள், வெல்டு வைத்து,
அரத்தால் ராவி; ராவிய கை அவசரக் கை.
பேரில்லை, எண்ணில்லை.
வைத்தேன். உட்கார்ந்தது.

திருகு தொடுகிறது, தட்டு அழுத்துகிறது,
நான் சுற்றுகிறேன்,
கால் சுற்று, இன்னொரு கால் சுற்று.
ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல்
ஹில்க்கா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
"நிறுத்து, மடிகிறது, சரி, போ" என்றாள்.
வாழ்க்கையில் முதல்முறை அவள் சொன்னபடி கேட்டேன்.
பிஸ்டன் உள்ளே போனது.

பெடலை மிதித்தேன்.
முதல் மிதி தரைவரை போய் என்னைப் பயமுறுத்தியது.
இரண்டாவது பாதியில்.
மூன்றாவதில் காலுக்குக் கீழே
ஏதோ எழுந்து நின்றது.

பெட்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று
ஒஸ்மோ எண்ணினார். மறுபடி எண்ணினார்.
"ஒன்று கூடுதலாக இருக்கிறதே?"
"எனக்கு முன்னாலேயே இருந்தது."
அவர் வாஷரைத் திருப்பிப் பார்த்தார்,
பேனாவை எடுத்து எட்டை அடித்தார்,
மேலே ஒன்பது என்று எழுதினார்.

வளைந்த கிளாம்ப் வீட்டில் இருக்கிறது.
நாற்காலிக் கால் ஒட்டுகிறது,
பசை காயும்வரை, கோணலாக.